ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர்

கோயம்புத்தூரில் வளர்ந்த யாருக்கும் ஜி.டி. நாயுடுவின் கதை தெரியும். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர், பள்ளிப்படிப்பில் நாட்டமில்லாதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து விட்டார். பதின்மூன்று ஆண்டுகளில் அது 280 பேருந்துகள் கொண்ட நிறுவனமானது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டாரும் செய்தார். அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் இன்று அவிநாசி சாலையில் இருக்கிறது.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதைக் கேட்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அதே கலங்கலில், அதே வயதில், அதே மோட்டார் சைக்கிளைப் பார்த்து வாய்பிளந்து நின்ற ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால்? அவள் சாலையோரம் எவ்வளவு நேரம் நின்றிருக்க முடியும்? நகரத்துக்குத் தனியாக வந்து எந்த ஓட்டலில் எச்சில் இலை எடுத்துக் காசு சேர்த்திருக்க முடியும்? ஒரு பொருளைப் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அது நம்முடையதாக இருக்க வேண்டும். கெட்டுப்போனால் கேட்க ஆளிருக்கக் கூடாது.

என் அத்தைக்கு அப்படி ஒரு பொருள் இருந்தது. 1966 மாடல் பியட் 1100, வெளிர்நீலம், கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும்.

மாமா 1971இல் இறந்தபோது அத்தைக்கு முப்பத்து மூன்று வயது. கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் உள்ள பட்டறை, கூடவே கடன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கிற வேலை. பட்டறையை விற்றுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார்கள். அவர் விற்கவில்லை. மின்வெட்டு நேரத்தை அனுசரித்து ஷிப்டை மாற்றினார், சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்தார், பவுண்டரிக்குப் போய் வார்ப்பு சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆரம்பத்தில் பவுண்டரிக்காரர்கள் அவரிடம் பேசவே மாட்டார்களாம். “வீட்டுல ஆம்பளை யாராவது இருந்தா அனுப்புங்க” என்பார்களாம்.

1974இல் அந்தக் காரைப் பழைய விலைக்கு வாங்கினார். டெம்போ வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதுதான் கணக்கு. வார்ப்புகளைச் சாக்கில் கட்டி டிக்கியில் போட்டு அவரே ஓட்டிக்கொண்டு வருவார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காரிலிருந்து இறங்கிய அன்றுதான் பவுண்டரி முதலாளி எழுந்து நின்று பேசினார் என்று சொல்லிச் சிரிப்பார். சொந்தக்காரர்கள் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் திமிரை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பிளாட்டினம் பாயிண்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பார். பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, “நிறம் என்ன சொல்லு அம்மிணி” என்பார். கறுப்பாகக் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் போதவில்லை. செங்கல் பழுப்பு என்றால் வண்டி சுகமாக இருக்கிறது. ஒரு பொருளை உற்றுப் பார்த்து அது சொல்வதைக் கேட்பதற்கான முதல் பாடம் எனக்கு அந்தத் திண்ணையோரத்தில்தான் கிடைத்தது. யாப்பிலக்கணம் பிறகுதான் வந்தது.

1988இல் பட்டறை நன்றாக ஓடியது. பழைய வண்டியைத் தள்ளிவிட்டு மாருதி வாங்கச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தினார்கள். அவர் மாருதியும் வாங்கினார், பியட்டையும் வைத்துக்கொண்டார். இரண்டு எதற்கு என்று என் அப்பா கேட்டார். “அது வேலைக்குண்ணா. இது எனக்கு” என்றார் அத்தை. எங்கள் வீட்டில் ஒரு பெண் ஒரு பொருளைக் காட்டி, பிள்ளைகளுக்கு என்றோ, வீட்டுக்கு என்றோ, சாமிக்கு என்றோ சொல்லாமல் “எனக்கு” என்று சொன்னதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

1997இல் பட்டறையைக் கொடுத்தார். 2009இல் இறந்தார். குழந்தைகள் இல்லை. கார் பெரியப்பா மகனிடம் போனது. அண்ணன் நூற்பாலைக்கு உதிரிபாகம் செய்யும் தொழிலதிபர். பழைய கார்களின்மேல் உண்மையான பித்து உள்ளவர். இன்று அவரிடம் நான்கு கார்கள் இருக்கின்றன. அத்தையின் பியட்டுக்கு அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததை நான் குறைசொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கார் அணிவகுப்பில் அது பரிசு வாங்கியது. அந்த விழா மலரில் அண்ணனைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. தொழிலில் அவர் ஏறிய படிகள், கூடவே அவருடைய கார் காதல். பியட்டைப் பற்றி ஒரு வரி: “எங்கள் மாமா ஆசையாக வாங்கிய வண்டி.”

மாமா அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டுமான மறதி என்று நான் நினைக்கவில்லை. கார் வரலாற்றின் முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் பட்டறை மூழ்கவிருந்தபோது, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெர்த்தா தன் சீதனப் பணத்தை முன்கூட்டியே வாங்கிப் போட்டுக் கூட்டாளியின் பங்கை வாங்கிக் கொடுத்தார். 1886 ஜனவரியில் பதிவான காப்புரிமையில் இருப்பது கார்லின் பெயர். வண்டியை வாங்க ஆளில்லாமல் கிடந்தபோது, 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குமேல் ஓட்டிப் போனார் பெர்த்தா. எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். முதலீடு போட்டவர், சோதனை ஓட்டம் நடத்தியவர், பழுது பார்த்தவர் எல்லாம் ஒருவரே. ஆனாலும் அந்தப் பயணம் பெரும்பாலும் கணவருக்கு உதவிய மனைவியின் துணிச்சல் கதையாகத்தான் சொல்லப்படுகிறது.

ஆணுக்குத் தொழில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் காதல் ஒன்று என்று இரண்டையும் எழுதிவைக்கிறோம். பெண் தொழில் செய்தால் அது பிழைப்பு. இயந்திரத்தைத் தொட்டால் அது நிர்ப்பந்தம். விதவை, பாவம், வேறு வழியில்லை. அத்தையின் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த நிர்ப்பந்தமும் இருந்ததில்லை.

ஐம்பது ஆண்டைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் அதற்காகக் காகிதங்களைத் தேடியபோது பழைய ஆர்.சி. புத்தகம் வெளியே வந்தது. நானும் உடனிருந்தேன். 1974 பெயர் மாற்றத்தில் அத்தையின் பெயர் தெளிவாக இருந்தது. பக்கத்தில், இன்னார் மனைவி என்று மாமாவின் பெயர். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய ஒரு காசு இல்லாமல் வாங்கிய வண்டி. விழா மலரின் அந்த வரி எங்கிருந்து முளைத்திருக்கும் என்று அப்போது புரிந்தது. இரண்டு பெயர் இருந்தால் நம் கண் எதைப் படிக்கப் பழகியிருக்கிறதோ அதைத்தான் படிக்கும்.

“யார் வாங்கினா என்ன அம்மிணி, வண்டி நம்ம வீட்லதானே இருக்கு” என்றார் அண்ணன்.

“அப்படீன்னா அடுத்த வருசம் உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போடலாங்களாண்ணா?” என்று கேட்டேன். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அணிவகுப்புக்கு வண்டிமுன் வைக்கும் அட்டைக்கான வாசகத்தைத் தமிழ்ப் பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார். அத்தையின் பெயர் இருந்தது. “எங்கள் அத்தை அன்போடு பராமரித்த கார்” என்று எழுதியிருந்தார். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ‘அன்போடு பராமரித்த’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, “தன் பட்டறை வருமானத்தில் வாங்கிய, ஓட்டிய, பழுது பார்த்த” என்று எழுதி அனுப்பினேன். அட்டையில் இடம் போதாது என்று போன் செய்தார்.

எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளச் சொன்னேன்.