பழுக்காத தக்காளி தந்த பாடம்

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும் பழமொழி. அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தேர்வில் அதற்கு விளக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை எனக்கு உணர்த்தியவை எங்கள் கொல்லையில் நின்ற ஆறு தக்காளிச் செடிகள்தாம்.

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ளது. பெரிய ஏரியும் பழைய கோயில்களும் உடைய ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான தாமற்கோட்டம் இவ்வூரின் பெயராலேயே வழங்கியது. அப்பா பட்டு நெசவு செய்கிறார். முன்கட்டில் குழித்தறி, பின்கட்டில் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். கொல்லை முழுவதும் ஆயாவின் ராஜ்யம்!

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்ததும், ஆயா தம் தம்பி வீட்டிலிருந்து வந்த நாட்டுத் தக்காளி ஒன்றைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, பாத்தியில் தூவினார். ஆயாவுக்கு அது ‘சீமைத் தக்காளி’. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியரால் நம் நாட்டுக்கு வந்த செடி அது. அது வருமுன் தக்காளி என்ற பெயர் இங்குள்ள வேறு சிறு செடிகளுக்கே உரியதாக இருந்தது. மணத்தக்காளி என்னும் பெயரில் அதன் நினைவு இன்றும் வாழ்கிறது.

நாற்று வேர் பிடித்தது. பங்குனி பிறக்குமுன் பூவும் பூத்தது. அந்த வேளையில் அரக்கோணத்தில் இருக்கும் என் அத்தைக்குப் பிரசவ நேரம் நெருங்கவே, ஆயா புறப்பட்டார். வாசலில் நின்றுகொண்டு என்னிடம், “கண்ணு, செடிக்கு ரெண்டு சொம்பு தண்ணி. தினம் ஊத்தணும். மறந்துடாதே” என்றார். “சரி ஆயா” என்றேன்.

ஒரு வாரம் தவறாமல் ஊற்றினேன். பிறகு ஒன்பதாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வு வந்தது. கணக்குத் தேர்வுக்கு முன் நான்கு நாட்கள் கொல்லைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் இலைகள் தொங்கிக் கிடந்தன! பயந்துபோய்க் குடம் குடமாக இறைத்து ஊற்றினேன். செடி நிமிர்ந்தது. ‘அப்பாடா!’ என்று மறுபடியும் மறந்தேன். அந்த மாதம் முழுவதும் பட்டினியும் விருந்துமாகவே போயிற்று.

சித்திரை நடுவில் ஆயா திரும்பி வந்தார். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கொல்லைக்குத்தான் போனார். அங்கே கண்ட காட்சி என்ன? சில காய்களின் அடிப்பகுதி கன்றிக் கறுத்திருந்தது. சில காய்கள் பெருத்தும் பச்சையாகவே நின்றன. பழுத்தவையோ சிவக்காமல், வெளிறிய மஞ்சளில் நின்றுவிட்டன. அவற்றிலும் காம்பைச் சுற்றி, தோளில் துண்டு போட்டதுபோல் ஒரு பச்சை வளையம்!

“தினம் தண்ணி ஊத்தினியா கண்ணு?”

“ஊத்தினேன் ஆயா. உங்க விதைதான் சரியில்லை.”

எப்படி அந்தச் சொல் என் வாயில் வந்ததோ, இன்றும் தெரியவில்லை. ஆயா ஒன்றும் பேசவில்லை. செடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “எந்தம்பி வீட்டு விதை. அம்மா காலத்துல இருந்து வர்றது. சரி, கெட்டுப் போச்சுன்னா புடுங்கிப் போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, தேர்வு முடிவு பார்க்கப் பள்ளிக்குச் சென்றபோது மூன்று காய்களைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், எங்கள் அறிவியல் சகோதரியிடம் காட்டினேன். அவர் கத்தியால் அறுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “தண்ணீர் எப்படி ஊற்றினாய்?” என்பதுதான். இரண்டாம் முறை பொய் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

சகோதரி கோபிக்கவில்லை. மூன்று காய்களையும் வரிசையாக வைத்தார். “இதில் ஒன்று உன் குற்றம், ஒன்று வெயிலின் குற்றம், மற்றொன்று குற்றமே இல்லை” என்று சொல்லி விளக்கினார்.

அடி கறுத்தது என் குற்றம். அது பூச்சியும் அன்று, தொற்றுநோயும் அன்று. மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து நீரோடு சேர்ந்தே வேரிலிருந்து ஏறுகிறது. நீர் ஒரு நாள் வந்து நான்கு நாள் வராவிட்டால், காயின் கடைக்கோடி நுனிக்கு அது போய்ச் சேராது. அங்கே திசுக்கள் மடிந்து கறுத்துவிடும். மண்ணில் சத்து நிறைய இருந்தும் பயன் இல்லை.

சிவக்காதது வெயிலின் குற்றம். தக்காளிக்குச் சிவப்பைத் தருவது லைகோபீன் என்னும் நிறமி. அது 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக உண்டாகும். 30 டிகிரியைத் தாண்டினால் தடைப்படும். மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் மட்டும் உண்டாகிக்கொண்டே இருக்கும். நம் கோடையில் பழம் மஞ்சளோடு நின்றுவிடுவது அதனால்தான். பழுப்பதற்கு வெயில் பட வேண்டும் என்று நாம் நினைப்பது தவறு.

பச்சைத் தோள்பட்டை குற்றமே இல்லை. அது அந்த இனத்தின் இயல்பு. நம் மாநிலத்தில் பெயர்பெற்ற பெரியகுளம் 1 என்னும் இரகத்திலும் இந்தப் பச்சை உண்டு. பார்வைக்கு அழகாக ஒரே சீராகப் பழுக்கட்டும் என்று, உலகெங்கும் இந்தப் பச்சை இல்லாத இரகங்களையே பலர் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். 2012-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக அறிவியலாளர் ஆன் பவலும் அவர் குழுவினரும், அந்தப் பச்சையைத் தரும் மரபணுதான் காயில் சர்க்கரை சேரவும் துணை செய்கிறது என்று கண்டறிந்தனர். அழகைத் தேடியவர்கள் சுவையில் கொஞ்சத்தை இழந்துவிட்டார்கள்!

வீட்டுக்கு வந்ததும் ஆயாவின் காலடியில் உட்கார்ந்தேன். “ஆயா, நான் தண்ணி ஊத்தலை. பொய் சொன்னேன். விதை நல்ல விதை” என்றேன். அழுகை வந்துவிட்டது. ஆயா என் தலையைத் தடவி, “எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு. மண்ணு வெடிச்சிருந்ததே! நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்” என்றார். பிறகு, “விதைமேல பழி போட்டா அது திருப்பிப் பேசாது. அதான் பாவம்” என்றார்.

நாங்கள் செடியைப் பிடுங்கவில்லை. லேசாக நிறம் மாறத் தொடங்கிய காய்களைப் பறித்தோம். வாழைத்தாருக்கு மூட்டம் போடும் வித்தை ஆயாவுக்குத் தெரியும். அந்தப் புகையில் இருப்பதும் எத்திலீன் வாயுதான். பழுக்கும் பழமே அந்த வாயுவை வெளிவிடுகிறது என்பதை 1934-இல் ரிச்சர்டு கேன் என்ற ஆங்கில அறிவியலாளர் காட்டினார். ஆகவே மண்பானையில் காய்களோடு ஒரு வாழைப்பழத்தையும் வைத்து மூடினோம். எங்கே வைப்பது? எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தறி அறைதான். காற்று வறண்டால் பட்டு இழை அறுந்துபோகும் என்று அப்பா அங்கே ஈரம் காப்பார். தறிக்குழியின் ஓரத்தில், ஈர மணல்மேல் பானையை வைத்தோம்.

ஐந்தாம் நாள் அப்பாதான் திறந்து பார்த்தார். சிவப்பு! அரக்குச் சிவப்பு என்று சொல்ல முடியாது. தோளில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது. ஆனாலும் சிவப்பு! அப்பா சிரித்துக்கொண்டே, “பட்டுக்குக் கொதிக்கிற தண்ணியிலதான் சாயம் ஏறும். இதுக்குக் குளிர்ச்சியில ஏறுது பாரு” என்றார். அன்று ஆயா வைத்த ரசத்தின் மணம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று.

முதல் பழத்தின் விதை இப்போது சாம்பலில் புரண்டு, துணி முடிச்சில் இருக்கிறது. இம்முறை அதை என் கையில் கொடுத்திருக்கிறார் ஆயா.

அன்புத் தோழியரே! வெயிலை நம்மால் குறைக்க முடியாது. இயல்பை மாற்றவும் தேவையில்லை. நம் கையில் இருப்பது தினம் இரண்டு சொம்பு தண்ணீர். அதையாவது தவறாமல் ஊற்றுவோம். ஊற்றத் தவறினால், ‘நான்தான் தவறினேன்’ என்று சொல்லிவிடுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, தாமல்