விரல்கள் விழித்துக்கொள்ளும் நேரம்

தில்லியின் டிசம்பர் குளிரில் காலை ஐந்தரை மணிக்குப் போர்வையை விட்டு எழுவதே பெரிய காரியம். யமுனைக்குக் கிழக்கே ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அந்த அரசு ஊழியர் எழுந்தார். முகத்தைக் கழுவினார், சிதாரை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். அடுத்த நிமிடமே விரல்கள் துரித கதியில் ஓடத் தொடங்கின.

அவருக்கு வயது 51. பத்தொன்பதாவது வயதில், வேலைக்கான தேர்வைக் காரணம் காட்டி வீட்டார் பரணில் ஏற்றிய சிதார் அது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 அக்டோபரில், அதைக் கீழே இறக்கினார். புதுத் தந்திகள் பூட்டினார். அடுத்த ஜனவரி இறுதியில் வசந்த பஞ்சமி. குடியிருப்பில் நடக்கும் சரஸ்வதி பூஜையில் வாசிப்பதாகச் சங்கச் செயலாளரிடம் பெயரும் கொடுத்துவிட்டார். கைவசம் மூன்றரை மாதம் இருந்தது. மீட்க வேண்டியதோ 32 வருடம்.

இந்துஸ்தானி இசை உலகில் கடும் பயிற்சி பற்றிய கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. மைஹரில் அலாவுதீன் கானின் கண்டிப்பு பிரசித்தம். அண்ணன் உதய் சங்கரின் நடனக் குழுவையும் வெளிநாட்டு வாழ்க்கையையும் விட்டுவிட்டு 1938இல் அங்கே போய்ச் சேர்ந்த ரவி சங்கர், நாளின் பெரும்பகுதியைச் சிதாருடனேயே கழித்தார். நாற்பது நாள் வெளியுலகை மறந்து சாதகம் செய்யும் ‘சில்லா’ என்ற வழக்கமும் உண்டு. நம்மவர் இந்தக் கதைகளை எல்லாம் படித்திருந்தார். ரவி சங்கருக்கு அப்போது வயது 18 என்பதையும், தவறைக் கேட்டவுடன் திருத்த குரு அருகிலேயே இருந்தார் என்பதையும் மட்டும் மறந்துவிட்டார்.

தினமும் மூன்று மணி நேரம் வாசித்தார். இடது கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தந்தி அறுத்துக் கோடு விழுந்தது. வலது சுட்டுவிரலில் மிஸ்ராப் என்ற கம்பி நகம் கடித்துத் தடம் பதித்தது. காய்ப்பு ஏறுவதைப் பார்த்து அவருக்குப் பெருமைதான். பஸ்ஸில் அலுவலகம் போகும்போதும் ரப்பர் பந்து ஒன்றை அமுக்கிக்கொண்டே போனார். விரலுக்குப் பலம் ஏறுகிறது என்று நம்பினார்.

டிசம்பர் மூன்றாவது வாரம், ஒரு காலையில் தேநீர்க் கோப்பை அவரது இடது கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நெருப்பாக எரிந்தது. குழாயைத் திருக முடியவில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டார்.

தசைநாண் அழற்சி என்றார் டாக்டர். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் ஆச்சரியமாக இருந்தது: விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசையே கிடையாது. மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டக் கயிறு போல நீண்ட தசைநாண்கள்தான் மணிக்கட்டு வழியாகச் சென்று விரல்களை இழுக்கின்றன. வாசிப்பதாக நாம் நினைப்பது விரலை, உழைப்பது முன்கை. குளிரில் விறைத்திருந்த அந்த இயந்திரத்தை அவர் தினமும் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்.

இரண்டு வாரம் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. அந்த இரண்டு வாரத்தில் அவரை வாட்டியது வலியைவிட பயம். 19 வயதில் கைவிட்டதற்கு வீட்டாரைக் குறை சொல்லலாம். இப்போது கைவிட நேர்ந்தால் யாரைக் குறை சொல்வது?

தடை நீங்கியதும் அவர் போய் நின்றது ஒரு வயதான சிதார் ஆசிரியரின் வாசலில். அவர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “உட்கார், வாசி” என்றார். பத்து நொடி கேட்டார். பிறகு தன் இரு விரல்களால் இவரது தோளை அமுக்கிப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது. “அந்தப் பந்தைத் தூக்கிப் போடு பேட்டா. நீ தந்தியை நசுக்குகிறாய். ஸ்வரம் கேட்கிற அளவுக்கு அழுத்தினால் போதும். அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் பயம்.”

அவர் கொடுத்த பாடத்தில் புதிதாக எதுவும் இல்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை நனைத்துத் துடைக்க வேண்டும். தோள், மணிக்கட்டு இரண்டையும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். பிறகு ஐந்து நிமிடம், இடது கை சும்மா இருக்க, வலது கை மட்டும் திறந்த தந்தியில் ‘தா, ரா’: உள்நோக்கி ஒரு மீட்டு, வெளிநோக்கி ஒரு மீட்டு, இரண்டும் ஒரே கனத்தில். அதற்குப் பின் ஒரு ஸ்வரத்துக்கு நான்கு மீட்டு வீதம் ஏறி இறங்க வேண்டும். அடுத்து ‘ஸரிக, ரிகம, கமப’ எனப் படிப்படியாக ஏறும் பல்டாக்கள். வீணை கற்ற தமிழர்கள் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று சின்ன வயதில் சலிப்போடு கடந்து வந்த அதே பாதைதான். மெட்டுக்குப் பெயர் இங்கே பர்தா. மற்றபடி விரலின் கஷ்டம் ஒன்றே.

கடைசியில்தான் மீண்ட். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் அடுத்தடுத்த ஸ்வரங்களை வரவழைக்கும் இந்த வித்தைதான் சிதாரின் உயிர். விரலையும் மணிக்கட்டையும் அதிகம் சோதிப்பதும் இதுவே. முதல் வாரம் ஒரு ஸ்வர தூரம் மட்டும் இழுக்க அனுமதி. இரண்டாவது வாரம் இரண்டு. வலி எட்டிப் பார்த்தால் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

எல்லா விரலையும் ஒரே மாதிரி பழக்கிவிடலாம் என்ற ஆசையும் இதே போலத்தான். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். அநேகமாக அசையாது. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பின்னியிருப்பதே காரணம். இடது கையின் நான்கு விரல்களையும் நம்பியிருக்கும் கிடார் கலைஞர்கள், ஒவ்வொரு மெட்டிலும் ஒரு விரலாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்துப் பழகுவது இந்தப் பிணைப்போடு சமாதானம் செய்துகொள்ளத்தான். சிதாரும் வீணையும் சுட்டுவிரலையும் நடுவிரலையுமே பெரும்பாலும் நம்பியிருப்பதில் முன்னோரின் அனுபவ ஞானம் தெரிகிறது.

வசந்த பஞ்சமி மாலை வந்தது. மஞ்சள் உடையில் குழந்தைகள் ஆடினார்கள், பாடினார்கள். இவர் முறை வந்தபோது யமன் ராகத்தில் சிறிய ஆலாபனை, ஒரு விளம்பித கத். மொத்தம் ஒன்பது நிமிடம். எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த மின்னல் வேக ஜாலா கிடையாது. “அவ்வளவுதானா?” என்றார் செயலாளர். “இப்போதைக்கு இவ்வளவுதான்” என்றார் இவர். அக்டோபரில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவமானத்தில் குறுகியிருப்பார்.

இன்றும் அவர் விடியற்காலையில் எழுகிறார். சிதார் உறைக்குள்ளேயே இருக்கும். அரும்பாடுபட்டுத் தேடிய ரப்பர் பந்து பேரனிடம் போய்விட்டது. முதலில் ஒரு கோப்பைத் தேநீர். அதை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி, விரல்களில் சூடு ஏறும்வரை, ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.