பூட் ஆகாத லினக்ஸும் அண்ணாச்சியின் கேசட்டுகளும்

நேற்று வரை ஒழுங்காக ஓடிய லினக்ஸ் கணினி, அப்டேட் முடிந்து மறுபடி ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைக் கொட்டிவிட்டு அப்படியே நிற்கிறதா? அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு மட்டும் ஓடாதீர்கள். கடையில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு மனப்பாடம். "ஃபார்மட் கர்னா படேகா சார்." அவ்வளவுதான், முடிந்தது கதை :-)

நான் பி.காம். படித்த வங்கி ஆசாமி. கணினித் துறைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. நாக்பூர் எனக்கு நாலாவது மாற்றல் ஊர். வெளியூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள் எழுதாத ஒரு பங்கீடு உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் இட்லி மாவு கிடைக்கும், ஒருத்தர் ரயில் டிக்கெட் விஷயத்தில் கில்லாடி, ஒருத்தருக்குப் பஞ்சாங்கம் தெரியும். பழைய லேப்டாப்பில் பல வருஷமாக உபுண்டு ஓட்டுகிறவன் என்பதால் எனக்குக் கணினி இலாகா.

அப்படி வந்ததுதான் அண்ணாச்சியின் போன். அஜ்னி லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் பக்கத்துக்காரர், அம்பாசமுத்திரம் தாண்டி. குரலே சரியில்லை.

"தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. கடைக்காரன் அழிச்சிட்டுத்தான் போடணுங்கான். உங்க மதினி பாட்டெல்லாம் அதுலதான்யா கெடக்கு."

மதினி 2021ல் தவறிப்போனார். கும்மிப் பாட்டு, தாலாட்டு, நடுவில் யாரையோ திட்டுவது, குக்கர் விசில் என்று எல்லாம் கலந்து இருபத்துச் சொச்சம் கேசட்டுகள். அண்ணாச்சி ஒரு பழைய டெக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றியிருந்தார். "வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, பரணில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். திறந்தால் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை. டெக்கோ ரிப்பேர். ஆக, இருந்தது அந்த ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். அதையும் வெளிநாட்டில் இருக்கும் மகன் போன லீவில் வந்தபோது முழுசாக என்கிரிப்ட் செய்து உபுண்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

திரையில் கடைசி வரி இப்படி இருந்தது: "கெர்னல் பேனிக், நாட் சின்சிங், விஎஃப்எஸ், அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன் பிளாக் (0,0)". படிக்கவே பயமாக இருக்கும். உண்மையில் எனக்கு அதைப் பார்த்ததும் பாதி நிம்மதி. டிஸ்க் பழுது என்று அது சொல்லவில்லை. "டிஸ்க்கைத் திறக்க எனக்கு வழி தெரியவில்லை" என்று கெர்னல் சொல்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதை வங்கிக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ஸ்ட்ராங் ரூம் சாவியை ஸ்ட்ராங் ரூமுக்கு உள்ளேயே வைத்துப் பூட்டினால் என்ன ஆகும்? லினக்ஸிலும் அதே சிக்கல் உண்டு. டிஸ்க்கைத் திறப்பதற்கான டிரைவர், என்கிரிப்ஷன் பூட்டைத் திறக்கிற புரோகிராம் எல்லாம் அந்த டிஸ்க்குக்கு உள்ளேதான் இருக்கின்றன. அதனால் அவசியமானதை மட்டும் ஒரு சின்னப் பையில் கட்டி, பூட்டாத தனி இடத்தில் வைத்திருப்பார்கள். பைக்குப் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். இடத்துக்குப் பெயர் பூட் பார்ட்டிஷன். கெர்னல் எழுந்ததும் பையைப் பிரித்து, பாஸ்வேர்டு கேட்டு, டிஸ்க்கைத் திறந்து உள்ளே போகும். அண்ணாச்சி வீட்டில் பாஸ்வேர்டே கேட்கவில்லை. அதாவது பை இல்லை.

ஏன் இல்லை? ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனிப் பை, ஒவ்வொன்றும் நூறு எம்பியைக்கூடத் தாண்டும். பூட் பார்ட்டிஷன் மொத்தமே 700 எம்பி சொச்சம். பழைய கெர்னல்கள் அடைந்து கிடந்ததால் புதியது வந்தபோது பை கட்ட இடம் போதவில்லை. அப்டேட் செய்யும்போது "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்று ஒரு வரி ஓடியிருக்கும். எழுபது வயசுக்காரர் கண்ணில் அது எங்கே படும்? எனக்கே படாது.

ஆனால் பாருங்கள், புது கெர்னல் வந்தாலும் பழையதை உபுண்டு உடனே தூக்கி எறிவதில்லை. இதை அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"புது இன்ஜின் இழுக்கலன்னா பழசை மாட்டி வண்டியை எடுத்திரலாம்ங்கீரு."

"அதேதான் அண்ணாச்சி."

லோகோ ஷெட்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

செய்தது இதுதான். பவரை அணைத்து ஆன் செய்து, கம்பெனி லோகோ மறைகிற நேரத்தில் எஸ்கேப் கீயை ஒரு தட்டு. (பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்.) க்ரப் மெனு வந்தது. "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு" என்று இரண்டாவது வரி, அதற்குள் போனால் கெர்னல்கள் வரிசையாக இருந்தன. மேலே இருப்பது புதுசு. அதற்கு அடுத்த பதிப்பைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது!

அண்ணாச்சி ஒற்றை விரலால் தட்டினார். இப்போது மாற்றியாகிவிட்டது என்பதால் சொல்லலாம்: மதினி பிறந்த ஊர்ப் பெயரும் பின்கோடும். முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவை உள்ளே போய்விட்டது.

உள்ளே போனதும் ரிப்பேரைத் தொடவில்லை. என் பையில் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகி, பாட்டு ஃபோல்டரை முதலில் காப்பி போட்டேன். அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அந்தப் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். காபிகூடப் போடவில்லை மனுஷன். நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் டெர்மினல். கட்டளைகளை உச்சரிப்பாகத் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். "டிஎஃப், மைனஸ் ஹெச்" கொடுத்தால் பூட் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றது. "யூநேம், மைனஸ் ஆர்" இப்போது ஓடுகிற கெர்னலின் நம்பரைச் சொல்லும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், எக்காரணம் கொண்டும் அதை அழிக்கக் கூடாது. வரிசையில் இருப்பதிலேயே பழைய கெர்னலை "ஆப்ட் பர்ஜ்" மூலம் நீக்கினேன். சிலர் பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையாலேயே ஃபைல்களை அழிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. வவுச்சர் போடாமல் பணத்தை எடுப்பது மாதிரி, கணக்கு எங்கேயாவது உதைக்கும்.

இடம் கிடைத்ததும் "டிபிகேஜி, கான்ஃபிகர் மைனஸ் ஏ" கொடுத்தேன். பாதியில் நின்ற வேலையை அது தொடர்ந்து முடித்து, புது கெர்னலுக்குப் பையும் கட்டியது. ஒரு உறுதிக்காக "அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்", "அப்டேட் க்ரப்" இரண்டையும் ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட். புது கெர்னலே சமர்த்தாக எழுந்தது. மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் பெரும்பகுதி காப்பிக்குப் போனது.

பழைய கெர்னலும் எழவில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. வேறொரு கணினியில் உபுண்டு பென்டிரைவ் தயார் செய்து அதிலிருந்து பூட் செய்து, "ட்ரை" என்பதைத் தேர்ந்தெடுங்கள், இன்ஸ்டால் வேண்டாம். உங்கள் டிஸ்க் பக்கவாட்டில் தெரியும். என்கிரிப்ட் செய்தது என்றால் அதைக் கிளிக் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கும். சரியாகக் கொடுத்தால் எல்லா ஃபைலையும் காப்பி எடுத்துக்கொள்ளலாம். பிறகு டிஸ்க்கை மவுண்ட் செய்து, "சிஹெச்ரூட்" போட்டு உள்ளே இறங்கி மேலே சொன்ன ரிப்பேரையே செய்யலாம். அது கொஞ்சம் நீளமான வேலை, முதல் தடவை தெரிந்தவர் ஒருத்தர் பக்கத்தில் இருப்பது நல்லது. பாஸ்வேர்டு மறந்துபோனால் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் இப்படிப் பூட்டிய கணினி இருந்தால், அந்தப் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் நகைப் பெட்டியோடு வையுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பாட்டுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. அண்ணாச்சி கணினியில், அவர் வாங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், மகனிடத்தில். என் டிஸ்க்கில் இருந்த காப்பியை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "கெடந்துட்டுப் போவுது, இரும்" என்றார்.

மூணு வாரம் கழித்து மறுபடி போன்.

"தம்பி, புது இன்ஜின் வந்திருக்காம். போடட்டுமா?"

"பூட் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

டெர்மினலைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் போனிலேயே கேட்டது.

"அம்பத்தெட்டு."

"தாராளமா போடுங்க."