பால் பேனை

பேனையைத் தண்ணீரில் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேனை திருத்துகிற அண்ணையிடம் போனபோது சொல்லவில்லை. "கொஞ்சம் பழசு, மை இழுக்குதில்லை" என்றேன், அவ்வளவுதான். அவர் மூடியைத் திருகிப் பார்த்தார். பாதியில் இறுகி நின்றது. உடலை விரல்நுனியால் தடவினார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "எத்தினை மணித்தியாலம் ஊறப்போட்டனீர், பிள்ளை?" என்றார்.

ஓர் இரவு முழுக்க. யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி பூசைக்கு முதல்நாள் வீட்டிலுள்ள பேனைகளைக் கழற்றி இளஞ்சூட்டுத் தண்ணீரில் போடுவது பிள்ளைகளின் வேலை. பெரும்பாலும் சீனத்து ஹீரோ பேனைகள். காய்ந்த மை புகைபோலப் பிரிந்து வருவதைக் கோப்பையைச் சுற்றிக் குந்தியிருந்து பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் அப்பாவின் பேனையையும் போட்டுவிட்டேன். ஆனால் அது ஹீரோ இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கொன்வே ஸ்டுவர்ட். பச்சை உடலில் கறுப்பு நரம்பு ஓடும், பக்கத்தில் சின்ன நெம்பு. அப்பாவுக்கு அவருடைய தலைமையாசிரியர் கொடுத்தது. அப்பா அதில் மாணவர் வரவு எழுதினார், சீட்டுக் கணக்கு எழுதினார், எனக்குக் கொழும்புக்குக் கடிதம் எழுதினார். அம்மா லண்டனுக்கு வந்தபோது லேஞ்சிக்குள் சுற்றிக் கொண்டுவந்தா. ஒன்பது வருடம் என் லாச்சிக்குள் கிடந்தது.

அண்ணையின் வீடு எட்மண்டனில். எட்மண்டன் கிறீன் ஸ்டேசனில் இறங்கி சேர்ச் ஸ்ட்ரீட்டால் நடக்கவேண்டும். அந்தத் தெருவை நான் நாகபூசணி அம்பாள் கோயில் இருக்கிற தெரு என்றுதான் இத்தனை காலமும் அறிந்திருந்தேன். தேர், திருவிழா, அன்னதானம் என்று எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். இதே தெருவில்தான் சார்ல்ஸ் லாம் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார் என்பதும், 1834 டிசம்பரில் இறந்து, பக்கத்து ஓல் செயின்ற்ஸ் தேவாலய முற்றத்தில் கிடக்கிறார் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. கட்டுரை என்றால் லாம் என்று ஆங்கிலப் பாடத்தில் படித்திருப்போம். அவர் சோறு சாப்பிட்டது கட்டுரையால் அல்ல. கிழக்கிந்தியக் கும்பனியின் லண்டன் அலுவலகத்தில் 33 வருடம் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தார். அவுரி, தேயிலை, துணி என்று கிழக்கிலிருந்து போன சரக்குகளின் ஏலக் கணக்குகள், எல்லாம் வாத்து இறகை வெட்டிச் சீவிய பேனையால். கவிஞர் கீட்ஸும் பதினான்கு, பதினைந்து வயதில் இந்தத் தெருவிலிருந்த ஒரு வைத்தியரிடம் தொழில் பழக வந்து சேர்ந்தவர். அந்த வீடு இப்போது இல்லை. இருந்த இடத்தில் கடைகளும் ஒரு நினைவுப் பலகையும்.

தொழில் பழக வந்தவர்களின் தெரு என்று நானும் கொஞ்சம் துணிவு வரவழைத்துக்கொண்டேன். அது கொட்டில் வாசல்வரைக்கும்தான் நின்றது.

கொட்டில் என்பது வீட்டுக்குப் பின்னால், புல்வெட்டும் மெசினுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் போட்ட ஒரு மேசை. வளைகிற கழுத்துள்ள விளக்கு, கண்ணில் இடுக்கும் பூதக்கண்ணாடி, தலைமயிர் உலர்த்தும் மெசின், பல்வைத்தியர் பாவிக்கும் கொக்கிகள். குறடுகளில் ஒன்று கார் ஸ்பார்க் பிளக் கழற்றுவது. வாயில் றப்பர் பூசியிருப்பதால் பேனையைக் காயப்படுத்தாமல் பிடிக்குமாம். அண்ணை பதினாறு வயதில் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் மணிக்கூடு திருத்தப் பழகியவர். இங்கே வந்து முப்பது வருடம் வேறு வேலைகள். ஓய்வு எடுத்த பிறகு கை அரித்ததாம். "மணிக்கூடு இப்ப ஆரும் திருத்தக் கொண்டுவாறேல்லை. பற்றறி மாத்தத்தான் வருகினம். பேனைக்கு ஆக்கள் இருக்கினம்." அந்த ஆட்களில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கவில்லை. நான்தான் முதல் ஆளாம்.

"இது என்னத்தில செய்தது, தெரியுமோ?" என்றார்.

"பிளாஸ்ரிக்?"

"பால்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே பால்தான். ஆடை எடுத்த பாலைத் திரைய வைத்து, அந்தப் புரதத்தைக் காயவைத்துப் பொடியாக்கி, சாயம் கலந்து, அழுத்திக் கோலாக உருட்டி, போமலினில் வாரக்கணக்கில், தடிப்பைப் பொறுத்து மாதக்கணக்கிலும் ஊறப்போட்டால், கொம்புபோல இறுகிவிடும். கேசின் என்பார்கள். 1899இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற முறை. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் ஊரிலிருந்த எரினோயிட் ஆலை இதைச் செய்தது. சட்டைப் பொத்தான், பின்னல் ஊசி எல்லாம் இதில் வந்திருக்கின்றன. 1905இல் லண்டனில் தொடங்கி 1975வரை இருந்த கொன்வே ஸ்டுவர்ட் கேசினை விரும்பிப் பாவித்த கொம்பனி. செலுலோயிட் நிறம் ஒருவிதம், கேசின் நிறம் வேறுவிதம். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாகப் படலம் கிடப்பதுபோல ஆழம் தெரியும். அப்பாவின் பேனையை வெயிலில் திருப்பும்போது பாசிக்குளத்துக்குள் எட்டிப்பார்ப்பதுபோல எனக்கு ஏன் இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

எவ்வளவு இறுகினாலும் பால் பால்தான். தண்ணீரைக் கண்டால் குடிக்கும். குடித்து வீங்கும், பிறகு காயும்போது வெடிக்கும்.

"அப்ப மை? மையும் தண்ணிதானே, அண்ணை?"

நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். மை இந்த உடலைத் தொடுவதே இல்லை. உள்ளே ஒரு சின்ன றப்பர்ப் பை இருக்கிறது. நெம்பைத் தூக்கினால் உள்ளிருக்கும் உருக்குத் தகடு அந்தப் பையை அமத்தும், காற்று வெளியே போகும். நெம்பை விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். அந்தப் பையிலிருந்து நிப்வரைக்கும் மை போகிற வழியெல்லாம் எபோனைற், கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர். பாலுக்கும் மைக்கும் நடுவில் காவல் நிற்பது அந்தப் பை. அதற்கு ஆயுள் சில பத்து வருடங்கள்தான். அது செத்தால் புதிதாக ஒன்று போடவேண்டும், பேனை தொடர்ந்து எழுதும். அப்படித்தான் இதைச் செய்தவர்கள் நினைத்துச் செய்திருக்கிறார்கள். அப்பாவின் பை எப்போதோ இறுகிச் செத்துவிட்டது. அதனால்தான் நெம்பு அசையவில்லை. அசையவில்லை என்றுதான் நான் ஊறப்போட்டேன்.

அன்று வேலை எதுவும் நடக்கவில்லை. ஹீற்றருக்குக் கிட்ட வைக்காமல், வெயிலில் வைக்காமல், மூடி வேறாக உடல் வேறாகக் காற்றாட விடச் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். "அது சொல்லும்" என்றார்.

ஆறு கிழமையில் சொன்னது. மூடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதுமாகத் திருகியது. உடலின் மினுக்கம் போயிருந்தது. நெம்புக்குக் கிட்ட மயிர்போல மூன்று வெடிப்பு. அவை இனி என் கையெழுத்து.

இரண்டாவது தடவை, அவர் திருத்தவில்லை, என்னைத் திருத்தச் சொன்னார். பக்கத்தில் ஒரு ஸ்ரூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்டி றோட்டில் கார் ஓட்டப் பழக்கிய மாமா இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

நிப் இருக்கிற கழுத்துப் பகுதியை உடலிலிருந்து கழற்றுவதுதான் முதல் கண்டம். இதில் மரை இல்லை, இறுக்கிச் செருகியது. உலர்த்தும் மெசினின் சூட்டில் காட்டி, விரலால் தொட்டு, திருப்பி, மீண்டும் காட்டி. ஐந்தாம் நிமிடம் எனக்குப் பொறுமை போய்க் குறட்டை எடுத்தேன். "வையும்" என்றார். வைத்தேன். மீண்டும் சூடு. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து, உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டதுபோல மெல்ல நெகிழ்ந்தது. பழைய பிடி விட்டது.

அந்தப் பிடி அரக்கு. துரியோதனன் மாளிகை கட்டிய அதே அரக்கு. மரக்கொப்பில் சின்னப் பூச்சிகள் சுரந்து விடுவது. இன்றைக்கும் ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் சுரண்டி எடுக்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளும் இதால்தான் செய்யப்பட்டன. ஒட்டும், ஆனால் சூடு காட்டினால் விட்டுவிடும். பேனை செய்தவர்கள் வேறு பசை இல்லாமலா இதை எடுத்தார்கள் என்று கேட்டேன். "பிறகு ஒருத்தன் கழட்டவேணும் எண்டு அவங்களுக்குத் தெரியும்" என்றார் அண்ணை. சூப்பர் குளூ போட்ட பேனைகள் அவரிடம் வருவதுண்டாம். சவப்பெட்டிக்கு ஆணி அடிச்சமாதிரி என்று அதைச் சொன்னார்.

உடலைக் கவிழ்த்துத் தட்டினேன். றப்பர்ப் பை கருகிய பப்படத் துண்டுகளாகக் கொட்டியது. பின்னால் துருப்பிடித்த தகடு. துரு மேலோட்டம்தான், சுரண்டினால் போதும் என்றார். கழுத்தின் பின்முனையில் ஒட்டியிருந்த மிச்ச றப்பரைக் கொக்கியால் வழித்தேன். வழித்த வேகத்தில் எபோனைற்றில் ஒரு கோடு விழுந்தது. அண்ணை பார்க்காதமாதிரி இருந்தார்.

புதுப் பை இரண்டு மூன்று பவுண். அளவை இலக்கத்தால் சொல்வார்கள். 16 என்றால் ஓர் அங்குலத்தை 64ஆகப் பிரித்ததில் 16 பங்கு விட்டம். எங்களுடையதும் 16தான். உடலுக்கு வெளியே பிடித்து அளந்து, அடியில் கொஞ்சம் இடம் விட்டு, கத்தரிக்கோலால் வெட்டவேண்டும். முதல் பையைக் கட்டையாக வெட்டிவிட்டேன். இரண்டாவதைச் சரியாக வெட்டினேன். ஊதாநிற ஸ்பிரிட்டில் அரக்குச் சீவலைக் கரைத்து வைத்திருந்தார். அதைத் தூரிகையால் முனையில் பூசினேன், தேன் தடவுவதுபோலத் தாராளமாக. "அது பாயாசமில்லை, பிள்ளை." துடைத்துவிட்டு மெல்லிசாகப் பூசினேன். பையை மாட்டினேன். கோணல். கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

இந்தப் பை றப்பர் பால். மரத்தைக் கீறி, சிரட்டையில் ஏந்தி எடுப்பது. பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளை லண்டன் கியூவில் முளைக்க வைத்து, 1876இல் கன்றுகளைக் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில்தான் முதலில் நட்டார்கள். பிறகு களுத்துறை, கேகாலைப் பக்கம் மலைமலையாக றப்பர் வந்தது. விடியுமுன் மரம் கீறப் போனவர்களில் எங்கள் மலையகச் சனம் எத்தனையோ பேர். லண்டன் பேனை, லண்டன் பேனை என்று அப்பா பெருமைப்பட்ட பொருளுக்குள் இருந்தது மாட்டுப் பாலும், மரப் பாலும், பூச்சியின் அரக்கும். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் பாடமாகவே எடுத்திருப்பார்.

அரக்குக் காயும்வரைக்கும் தேத்தண்ணி. பிறகு பை தகட்டில் ஒட்டாதிருக்க வெறும் டல்க் தூள் தடவினேன். வீட்டில் முகப்பவுடர் இருக்கிறதே என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன். வாசனை எண்ணெய் றப்பரைத் தின்னுமாம். கழுத்தைச் செருகி, நெம்பைத் தூக்கினேன். சின்னதாக ஒரு மூச்சுச் சத்தம். மைக் குப்பிக்குள் நிப்பை அமிழ்த்தி மறுபடி தூக்கிவிட்டேன். குமிழ் குமிழாக வந்தது. பத்து வரைக்கும் எண்ணச் சொன்னார். எண்ணினேன்.

எழுத அவர் தந்தது கோயில் திருவிழா நோட்டீசின் பின்பக்கம். முதலில் என் பெயர் எழுதினேன். கீறியது. மை வந்தது, ஆனால் தாளைப் பிறாண்டிக்கொண்டு வந்தது. அண்ணை வாங்கிப் பூதக்கண்ணாடிக்குள் பார்த்தார். இரண்டு முனையும் நேராகத்தான் இருக்கிறதாம். ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதாம். "அப்பா பேனையை எப்பிடிப் பிடிக்கிறவர்?" என்றார். பிடித்துக் காட்டினேன். சுட்டுவிரலை நீட்டி, மணிக்கட்டை உள்ளே வளைத்து, வலப்பக்கம் சரித்து. அப்படியே எழுதும் என்றார். எழுதினேன். பிறாண்டவில்லை. ஆனால் என் எழுத்து எதுவும் எனக்கே வாசிக்க முடியவில்லை.

உரசித் தருவதென்றால் தரலாம், இரண்டு நிமிட வேலை, ஆனால் உரசியதைத் திருப்பி வைக்க முடியாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

காசு வேண்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். பழுதாக்கிய பைக்கும் சேர்த்து ஐந்து பவுணை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டேன். கதவைத் திறந்தால் மழை. எட்மண்டன் மழை, நிற்கிற மழை அல்ல. பேனையைக் கோட்டுப் பொக்கற்றில் செருகிக்கொண்டு காலை வெளியே வைத்ததும் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"பிள்ளை! பால்!"

குசினிக்குள் போய் சான்ட்விச் சுற்றுகிற பிளாஸ்ரிக் பை ஒன்று எடுத்துவந்து, அதற்குள் பேனையைப் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முடிச்சுப் போட்டு, உள்சட்டைப் பொக்கற்றில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நான் கேற் தாண்டும்வரைக்கும் கொட்டில் வாசலில் நின்று, வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குடை கொண்டுபோகவில்லை. சேர்ச் ஸ்ட்ரீட் முழுக்க நனைந்துகொண்டுதான் வந்தேன்.