ஓர் எழுத்து

என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். அப்பா பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர். அதற்கு மேல் எங்கள் அடையாள அட்டைகளுக்கு எதுவும் தெரியாது. பாமர்ஸ்டன் தீவைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

குக் தீவுகளைச் சேர்ந்த சின்னப் பவளத்தீவு அது. 1863இல் வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே குடியேறினார். தென்னை நட்டுக் கொப்பரை எடுப்பது வேலை. டொங்கரேவா தீவைச் சேர்ந்த பெண்கள் மூன்று பேர் மனைவிகள், ஏராளமான பிள்ளைகள். 'மாஸ்டர்ஸ்' இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பப்பெயர். எஜமான் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அவருடைய வட்டார உச்சரிப்பில் நடுவே ஒரு 'ர்' ஒட்டிக்கொண்டு அப்படியே நிலைத்துவிட்டது என்கிறார்கள். 1899இல் அவர் இறந்தார். இன்று தீவில் இருப்பது சில டஜன் பேர்தான். ஏறக்குறைய எல்லாருமே மார்ஸ்டர்ஸ். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று சிதறியவர்கள் அதைவிடப் பல மடங்கு. எங்கே சந்தித்தாலும் அந்த 'ர்' சொந்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வீட்டிலும் ஓர் எழுத்து மாறியது. தாத்தா பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் இருந்தவர். அவருடைய அப்பா முனியன். தம்பியின் பதிவில் மட்டும் கிராணி 'மணியன்' என்று எழுதிவிட்டார். தம்பி வேறு தோட்டத்துக்குப் போனார். தொடர்பு விட்டுப்போனது.

தாத்தாவின் சாவுக்கு அறிமுகமில்லாத ஒருவர் வந்தார். தம்பி மகன் என்றார். கையில் தன் அப்பாவின் பழைய அடையாள அட்டை. பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாத்தா பேரே வேறயா இருக்கே. யாருய்யா நீ?"

மூலையில் இருந்த பாட்டிதான் கேட்டார். "உங்கம்மா பேரு என்னப்பா?"

"அஞ்சலை."

"நம்ம பையன்தான்டா. தோள் குடுக்கட்டும்."

எல்லாருக்கும் ஒரே பெயர் இருந்தால், ஊருக்குள் அந்தப் பெயரால் யாரையும் பிரித்துச் சொல்ல முடியாது. பாமர்ஸ்டனில் நிலத்தை மூன்று கிளைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே கிளைக்குள் கல்யாணம் கிடையாது. எந்தக் கிளை என்பதைச் சொல்வது மார்ஸ்டர்ஸ் என்ற பெயர் அல்ல. எந்தப் பாட்டியின் வழி என்பதுதான்.

எங்கள் வீட்டு அட்டைகள் எதிலும் அஞ்சலை இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.