சாக்பீஸ் சொன்ன சாட்சி

பள்ளி மலரில் டிராக்டரைப் பற்றிக் கட்டுரையா என்று நீங்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் தாத்தா வீட்டில் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. டி.இ.20 என்னும் இனத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை இவ்வினத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் செய்யப்பட்டன. எட்மண்ட் ஹிலாரி 1958-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்ததும் இவ்வினத்து டிராக்டர்களை ஓட்டித்தான். எவரெஸ்டில் ஏறியவர் என்றே அவரைப் படித்த நமக்கு, அவர் டிராக்டரும் ஓட்டினார் என்று ஒருவரும் சொல்லவில்லையே! இக்காலத்து டிராக்டர்கள் டீசலில் ஓடுகின்றன. தாத்தாவினுடையதோ பெட்ரோல் வண்டி. ஆகவே அதில் கார்பரேட்டர் உண்டு. அந்தக் கார்பரேட்டர்தான் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டையே இரண்டுபடுத்திவிட்டது.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையுமாக இருவர். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. நாங்கள் ஊருக்குப் போய் இறங்கிய அன்றே கொட்டகையில் பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. வண்டியின் அடியில் கைக்குட்டையளவு ஈரம். டவுனிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், கார்பரேட்டரே போய்விட்டது, புதிதாக வாங்கினால் வண்டியின் விலையைவிடக் கூடுதலாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொல்லியிருந்தார் சித்தப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. கொட்டகைக்குப் பத்தடி தூரத்தில் வைக்கோற்போர். அதற்கப்பால் பாட்டியின் விறகடுப்பு! தாத்தா ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டதும் கொட்டகைத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“சித்தப்பா, வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்களை விடுங்க, பார்த்துச் சொல்றோம்” என்று கேட்டோம்.

“உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை? கையெல்லாம் நாறும்” என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தாத்தாதான் வழி காட்டினார். “அம்மாடி, ஓடுறப்ப ஒழுகுதா, நின்னப்புறம் ஒழுகுதா? அதை முதல்ல பாருங்க.”

பார்த்தோம். ஓடும்போது ஒரு சொட்டும் இல்லை. நிறுத்திய சிறிது நேரத்திற்கெல்லாம் சொட்டத் தொடங்கியது. டாங்க் அடியிலுள்ள டாப்பை மூடினால் கொஞ்சநேரத்தில் நின்றுவிட்டது. டாங்க் எஞ்சினுக்கு மேலே இருப்பதால் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி வருகிறது, பம்பு கிடையாது. எனவே டாப்புக்குக் கீழேதான் எங்கோ குற்றம் என்பது விளங்கிற்று. குழாயின் மூட்டுகளிலா, மிதவை அறையின் மூடியிலுள்ள பேக்கிங்கிலா, கார்பரேட்டருக்கு உள்ளேயா? எல்லாமே நனைந்து கிடந்ததால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலவில்லை. கசிந்த பெட்ரோல் உலோகத்தின் மேல் ஓடி, தாழ்வான இடத்திற்குப் போய்த்தானே சொட்டுகிறது! சொட்டும் இடமே ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாதல்லவா?

இங்கேதான் நம் பள்ளிச் சாக்பீஸ் கைகொடுத்தது. கணக்கு எழுதிப் பழகக் கொண்டுபோயிருந்த சாக்பீஸ்களில் இரண்டைப் பொடியாக இடித்தோம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். கார்பரேட்டரையும் குழாயையும் துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு, மூட்டுக்கு மூட்டு அந்தத் தூளைப் பூசினோம். பிறகு டாப்பைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். மூட்டுகளில் தூள் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. பேக்கிங்கைச் சுற்றியும் உலர்ந்தே இருந்தது. காற்று நுழையும் வாயின் அடியில் மட்டும் தூள் கருத்து நனைந்தது. ஒரு நிமிடத்திற்கு 22 சொட்டுகள் விழுந்தன. தங்கை எண்ணினாள், அக்காள் கடிகாரம் பார்த்தாள்.

காற்று வாயில் பெட்ரோலுக்கு என்ன வேலை? நம் பள்ளி மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உயர உயரப் பந்து மிதந்து மேலே வந்து குழாயை அடைக்கிறது. அது சரியாக அடைக்காத நாளில் தொட்டி நிரம்பி வழிந்து, தோட்டமெல்லாம் சேறாகிறதல்லவா? கார்பரேட்டரிலும் அதே ஏற்பாடுதான். பித்தளை மிதவை மேலே வந்து ஓர் ஊசியைத் தள்ள, ஊசியின் கூர்முனை துவாரத்தை அடைத்துவிடுகிறது. அடைக்காவிட்டால் பெட்ரோலின் மட்டம் உயர்ந்து, ஜெட் வழியாகக் காற்றுப் பாதைக்குள் வழிகிறது. இந்த வண்டியில் காற்று கீழிருந்து மேலே ஏறுவதால், வழிந்த பெட்ரோல் எஞ்சினுக்குள் போகாமல் வெளியே சொட்டிவிடுகிறது. ஓடும்போது வருவதையெல்லாம் எஞ்சினே குடித்துவிடுவதால் சொட்டுவதில்லை. ஆனால் புகை கறுப்பாக வரும். பிளக்குகளில் கரி படியும். இரண்டும் இருந்தன.

ஆக, குற்றவாளி மிதவையாக இருக்க வேண்டும், அல்லது ஊசியாக இருக்க வேண்டும். தாத்தா ஸ்பானரால் மூடியைக் கழற்றித் தந்தார். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினோம். உள்ளே சலசலப்பு இல்லை. வெளியே நன்றாகத் துடைத்து உலர்த்தியபின், பாட்டியிடம் வெந்நீர் வாங்கி வந்து அதில் அமிழ்த்தினோம். (மிதவையை அடுப்பண்டை கொண்டுபோகவில்லை, வெந்நீர்தான் கொட்டகைக்கு வந்தது. பாட்டியின் கட்டளை!) ஓட்டை இருந்தால் உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து குமிழாக வரும். ஒரு குமிழும் வரவில்லை. மிதவை நிரபராதி. அதில் ஓட்டை இருந்து, ஈயம் வைத்துப் பற்றவைக்க நேர்ந்திருந்தால் அதுவும் எளிதான காரியமல்ல. ஈயம் கூடினால் மிதவை கனத்து ஆழ்ந்து மிதக்கும். பெட்ரோல் மட்டம் உயர்ந்து மறுபடியும் வழியும். ஆர்க்கிமிடீசை நாம் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

ஊசியைத் தாத்தா செய்தித்தாள் படிக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கூர்முனையைச் சுற்றி மோதிரம்போல் ஒரு பள்ளம் தெரிந்தது. நகத்தால் தடவினால் தட்டியது. ஊசி அமரும் துவாரத்தில் டாங்கிலிருந்து வந்த துருப்பொடியும் ஒட்டியிருந்தது. இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கில் படிந்த அழுக்கையும் பெயர்க்கும். எனவே துரு வந்ததில் வியப்பில்லை. துவாரத்தைச் சுத்தம் செய்து பூட்டினோம். 22 சொட்டு 9 ஆயிற்று. மீதி அந்தப் பள்ளத்தின் வேலை.

வியாழக்கிழமை இரவு சித்தப்பா எங்கள் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தார். ஊசியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். மறுநாள் காலை இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். அடுத்த வாரம் மதுரை சென்றவர், பழைய உதிரிபாகக் கடையொன்றில் தேடிப்பிடித்து, ஊசியும் அதன் இருக்கையும் சேர்ந்த ஜோடி ஒன்று வாங்கி வந்தார். இருக்கைக்கு அடியில் போடும் வாஷர் பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டுமென்று தாத்தா பிடிவாதமாக அளந்து பார்த்தார். அது மாறினால் பெட்ரோல் மட்டமும் மாறுமாம். பூட்டி, துடைத்து, சாக்பீஸ் தூவி, டாப்பைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தூள் வெள்ளையாகவே இருந்தது.

தாத்தா இப்போதும் இரவில் டாப்பை மூடிவிட்டுத்தான் படுக்கப் போகிறார். டாப்புக்குக் கீழேயுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் கார்க் வளையம் விரிசல் விட்டிருப்பதாகச் சென்ற வாரம் போனில் சொன்னார். கிண்ணத்தின் வாயகலத்தை நூலால் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.