நெல்லை அணிக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளர் தேவை

கொஞ்சம் நீளமான இழை மக்களே. கிரிக்கெட் பிடிச்சா வாசிங்க. வீட்ல வேகமா பந்து போடுற பையனோ பொண்ணோ இருந்தா கட்டாயம் வாசிங்க.

டிசம்பர் 16, அபுதாபியில ஐபிஎல் ஏலம் நடந்த அன்னைக்கு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே சண்டை. 2025 சீசன்ல சென்னை கடைசி இடம். சிஎஸ்கே வரலாற்றுலயே முதல் தடவை. அதனால ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் வச்சிருந்தாங்க.

"பதிரனாவை விட்டாச்சு, கடைசி ஓவரை யாரு போடுவா?"ன்னு எங்க சித்தப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு. அந்த பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துது. சென்னை, அதுவரைக்கும் இந்தியாவுக்கு ஆடாத ரெண்டு இளம் பசங்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்துது. நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் மேட் ஹென்றி வெறும் 2 கோடிக்கு வந்தாரு. சித்தப்பா மனசு ஆறவே இல்ல.

நான் சிஎஸ்கே ரசிகன்தான். ஆனா என் மனசு இன்னொரு டீம் மேல. நம்ம நெல்லை ராயல் கிங்ஸ்.

2023 டிஎன்பிஎல் ஃபைனல் ஞாபகம் இருக்கா? சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். சொந்த ஊரு, சொந்த கூட்டம். கோவை 205 அடிச்சாங்க. நாம 101-க்கு ஆல் அவுட். 104 ரன் வித்தியாசம். எல்லாரும் பேட்டிங்கைத் திட்டினாங்க. நான் சொன்னேன், "205 விட்டதுலயே மேட்ச் போச்சு". அதுக்கப்புறம் 2024, 2025 ரெண்டு வருஷமும் நாம பிளேஆஃப் பக்கமே போகல.

ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் நானும் ஒரு லிஸ்ட் போடுவேன். புதுப் பந்தை ஸ்விங் பண்ண ஒரு ஆளு. கடைசி நாலு ஓவர்ல யார்க்கர் போட ஒரு ஆளு. முடிஞ்சா ஒரு இடதுகை வேகம். ஏலத்துல எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைப்பு.

போன வாரம் கிளினிக்குக்கு ஒரு பையன் வந்தான். அவன் வந்ததுக்கு அப்புறம் அந்த லிஸ்ட்டை என்னால முன்ன மாதிரி பாக்க முடியல.

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். வயசு 17. நல்ல உயரம், வலதுகை வேகப்பந்து. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாரு. மூணு வாரமா இடுப்புக்கு மேல, இடது பக்கம் வலி.

"எப்பவும் வலிக்குதா தம்பி?"

"இல்ல சார். பந்து போடும்போது மட்டும்தான். மத்த நேரம் ஒண்ணுமில்ல."

அப்பா பக்கத்துல வந்து மெதுவா சொன்னாரு. "சார், ஞாயித்துக்கெழம செலக்ஷன். ஒரே ஒரு ஊசி போட்டு விட்ருங்க. பொறவு எத்தன நாளு வேணும்னாலும் படுத்துக் கெடக்கட்டும்."

எனக்கு உடம்பு ஒரு நிமிஷம் ஜில்லுனு ஆயிடுச்சு. ஏன்னா இதே வார்த்தையை நான் ஏற்கனவே ஒரு தடவை கேட்டிருக்கேன். அப்ப நான் ஊசி போட்டேன்.

அது நான் படிச்சு முடிச்சு வந்த புதுசு. அவனுக்கு 16 வயசு. எக்ஸ்ரே எடுத்தேன், நார்மல். "தசைப்பிடிப்புதான், பயப்படாத"ன்னு சொல்லி வலி ஊசி போட்டு அனுப்பினேன். அவன் போய் அந்த டோர்னமெண்ட் முழுக்க பந்து போட்டான். கப்பும் வாங்கினாங்க. கப்போட நின்ன போட்டோவை எனக்குக் காட்டினான்.

மூணு மாசம் கழிச்சு குனிய முடியாம வந்தான். ஸ்கேன்ல பாத்தா ஒரே எலும்புல ரெண்டு பக்கமும் முறிவு. அதோட அவன் வேகப்பந்து போடல. இப்ப ஜங்ஷன்ல ஒரு மொபைல் கடையில வேலை. போன வருஷம் பாத்தப்ப மன்னிப்பு கேட்டேன். "விடுங்க சார், நாந்தான ஊசி கேட்டேன்"னு சிரிச்சான். கேட்டது அவன்தான். ஆனா வேண்டாம்னு சொல்ல வேண்டியது நான்.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த முதுகுல என்ன நடக்குது?

நம்ம முதுகெலும்பு ஒவ்வொண்ணுக்கும் பின்பக்கத்துல ஒல்லியா ஒரு எலும்புப் பாலம் உண்டு. 'பார்ஸ்'னு சொல்லுவோம். வேகப்பந்து போடுறவன் முன்னங்காலை ஊனுற அந்த நொடியில அவன் எடையைப் போல அஞ்சு மடங்குக்கு மேல விசை மேல ஏறும். 60 கிலோ பையன்னா 300 கிலோ. அதே நொடியில முதுகு பின்னாடி வளையும், பக்கவாட்டுல சாயும், திரும்பும். மொத்த பாரமும் அந்தப் பாலத்து மேல. வலதுகைக்காரனுக்கு பெரும்பாலும் இடது பக்கம்தான் அடி வாங்கும்.

ஒரு பந்துல எதுவும் உடையாது. நூத்துக்கணக்கான பந்து சேர்ந்து எலும்புல களைப்பு முறிவு வரும். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. எம்ஆர்ஐல எலும்புக்குள்ள நீர் கோத்த மாதிரி தெரியும். நான் அன்னைக்குப் பண்ணின தப்பு அதுதான். எக்ஸ்ரே நார்மல்னா எலும்பு நார்மல்னு நினைச்சேன்.

"ஓய்வு எடுத்தா சரியாயிடாதா டாக்டர்?"

ஆகும். ஆனா எலும்பு வேலை செய்ற முறை கொஞ்சம் விசித்திரம். புதுசா பாரம் வந்தா முதல்ல பழைய எலும்பைத் தோண்டி எடுக்கும். அப்புறம்தான் புதுசா கட்டும். தோண்ட சில வாரம் போதும், கட்டி இறுகப் பல மாசம் ஆகும். ரோட்டைத் தோண்டிப் போட்டு, மூடி இறுகறதுக்குள்ள மேல லாரி விட்டா என்ன ஆகும்? அதேதான்.

இப்ப இந்தப் பையன்கிட்ட ஒரு பேப்பரைக் கொடுத்து, "போன வாரம் எத்தனை பந்து போட்ட? எழுது"ன்னேன்.

அகாடமி நெட்ஸ், அஞ்சு சாயங்காலம், தினம் 60. அதுவே 300. சனிக்கிழமை லீக் மேட்ச், 10 ஓவர், 60. ஞாயிறு ஊர் டீமுக்கு டென்னிஸ் பந்து டோர்னமெண்ட், ரெண்டு மேட்ச், தலா 4 ஓவர், 48. செலக்ஷனுக்காகத் தனியா ஆறு நாள் காலையில 30 வீதம் 180. கூட்டிப் பாருங்க. 588.

அதுக்கு முன்னாடி? நவம்பர்ல அடைமழை. கிரவுண்ட் எல்லாம் தண்ணி. மூணு வாரம் ஒரு பந்து கூட போடல.

பூஜ்யத்துல இருந்து நேரா 588!

அகாடமி கோச்சுக்கு 300 தெரியும். லீக் கேப்டனுக்கு 60 தெரியும். ஊர் டீமுக்கு 48 தெரியும். காலையில போட்டது அவனுக்கு மட்டும் தெரியும். நாலையும் கூட்டிப் பாத்த ஆளு யாருமே இல்ல. அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாருக்கும் ஒரு நல்ல பவுலர் தேவை, அவ்வளவுதான். எனக்குத் தேவைப்பட்ட மாதிரியே.

அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒரு ஆட்டம். அங்கயும் பந்து எறியுறவனுக்குத்தான் போட்டி, அவனுக்குத்தான் முழங்கை போகும். 1974-ல டாமி ஜான்னு ஒரு வீரருக்கு முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை பண்ணினாங்க. இன்னைக்கும் அந்த ஆபரேஷனுக்கு அவரு பேருதான். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, 2014-ல சின்னப் பசங்களுக்கு ஒரு கணக்கு போட்டாங்க. 15, 16 வயசுன்னா ஒரு நாளைக்கு 95 எறிக்கு மேல கூடாது. எறிஞ்ச அளவுக்கு ஏத்த மாதிரி ஓய்வு நாளும் உண்டு.

கிரிக்கெட்லயும் இருக்கு. இங்கிலாந்து வாரியம் ரொம்ப காலமா வச்சிருந்த வழிகாட்டுதல்ல 16, 17 வயசுக்காரர் ஒரு ஸ்பெல்லுக்கு 7 ஓவர், ஒரு நாளைக்கு 18 ஓவர்தான். நம்ம ஊர்ல கணக்கு யாரு வைக்கிறா?

பெரிய ஆளுங்களுக்கே இது நடக்குது. பும்ராவுக்கு 2023 மார்ச்ல நியூசிலாந்துல முதுகு ஆபரேஷன், ஆகஸ்ட்லதான் திரும்பி வந்தாரு. மயங்க் யாதவ் 2024 ஐபிஎல்ல 156 கிலோமீட்டர் வேகத்துல போட்டாரு, லக்னோ 11 கோடிக்கு வச்சுக்கிட்டாங்க, அடுத்த சீசன்ல ரெண்டே மேட்ச். அவங்களுக்கு ஸ்கேன், பிசியோ, விமானம் எல்லாம் உண்டு. சேரன்மகாதேவிப் பையனுக்கு?

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னேன். அந்தச் செலவு அப்பாவுக்குப் பத்து நாள் வருமானம். யோசிச்சாரு. பழைய பையன் கதையைச் சொன்னேன், ஊசி போட்டது நான்தான்னும் சொன்னேன். ஒண்ணும் பேசாம எழுந்து போனாரு. மறுநாள் ஃபிலிமோட வந்தாரு.

இடது பக்கம், அஞ்சாவது இடுப்பெலும்பு. நீர் கோத்திருக்கு. கீறல் இன்னும் விழல. சரியான நேரத்துல வந்துட்டான். ஆனா மூணு நாலு மாசம் பந்து போடக் கூடாது. ஞாயிறு செலக்ஷன் இல்ல.

பையன் அழுதுட்டான். அப்பா கேட்டாரு, "இந்த வருசம் போச்சுன்னா அவ்வளவுதான சார்?"

நான் பேட் கம்மின்ஸ் கதையைச் சொன்னேன். 2011-ல 18 வயசுல முதல் டெஸ்ட். ஜெயிச்சுக் கொடுத்தாரு. அடுத்த டெஸ்ட் ஆடினது 2017 மார்ச், நம்ம ராஞ்சியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல காயம், முதுகு, காத்திருப்பு. அப்புறம் ஆஸ்திரேலியா கேப்டனாகி உலகக் கோப்பையே வாங்கினாரு. எல்லாருக்கும் அப்படி நடக்கும்னு நான் சொல்லல. 17 வயசுல ஒரு வருஷம் போனா வாழ்க்கை போயிடாதுன்னு மட்டும்தான் சொன்னேன்.

ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்து, "தினம் எத்தனை பந்துன்னு எழுது. நெட்ஸ், மேட்ச், டென்னிஸ் பந்து எல்லாம் ஒரே கணக்கு. யாரு கூப்பிட்டாலும் இதைக் காட்டு"ன்னேன். நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினான். வரிசையா ஆறு தேதி, ஆறு பூஜ்யம்.

பெத்தவங்க, கோச்சுகள் கவனிக்க வேண்டியது:

1. பந்து போடும்போது மட்டும் வர்ற ஒரு பக்க இடுப்பு வலி, வளர்ற பையனுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா தசைப்பிடிப்புன்னு விடாதீங்க. எலும்பு மருத்துவரைப் பாருங்க.

2. வலி ஊசி, வலி மாத்திரை போட்டு மேட்ச் ஆட விடாதீங்க. வலிதான் அந்த எலும்புக்கு இருக்கிற ஒரே வாய்.

3. மழைக்கோ பரீட்சைக்கோ நின்னு போயிருந்தா, திரும்ப ஆரம்பிக்கும்போது கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க. வாரத்துல சில நாள் பந்தே தொடக் கூடாது.

4. சீசன் இல்லாத மாசம் சும்மா இருக்கிற மாசம் இல்ல. இடுப்பு, வயிறு, தொடை பலப்படுத்துற காலம் அதுதான். நல்ல சாப்பாடு, தூக்கம். கால்சியம், வைட்டமின் டி குறைவான்னு பாத்துக்கோங்க.

5. ஒரு நோட்டு வாங்குங்க. பந்தை எண்ணுங்க.

நெல்லை அணிக்கு வேகப்பந்து வீச்சாளர் தேவைதான். இப்பவும் அதைத்தான் சொல்றேன். ஏலத்துல நல்ல ஆளு கிடைச்சா எடுங்க. ஆனா இன்னும் மூணு வருஷத்துல சங்கர் நகர்ல கடைசி ஓவர் போட வேண்டியவன் இன்னைக்கு அம்பையிலயோ வீரவநல்லூர்லயோ யாரும் எண்ணாத பந்தைப் போட்டுக்கிட்டு இருக்கான். அவனை ஏலம் வரைக்கும் முழுசா கொண்டு வந்து சேக்கணும்.

உங்க ஊர் கிரிக்கெட் குரூப்ல இதைப் பகிருங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, கிளினிக் முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.